ஒரு ஃபைபர் கனெக்‌ஷன், இரண்டு மாடி, ஐந்து கணினி: வீடு முழுக்க வைஃபை பகிர்வது எப்படி

கீழே ஹாலில் நெட் பறக்கும். மாடியறையில் ஒரு மின்னஞ்சல் திறக்க ஒரு நிமிடம் ஆகும். ஃபைபர் இழுத்த பல வீடுகளில் இதுதான் நிலைமை. உடனே 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 200க்கு மாற்றுகிறார்கள். மாதக் கட்டணம் ஏறுகிறது, மாடியில் ஒன்றும் மாறுவதில்லை. வெளியிலிருந்து வரும் கம்பியில் குறை இல்லாதபோது அதற்குக் கூடுதல் பணம் கட்டிப் பயனில்லை. குறை வீட்டுக்குள், மோடத்துக்கும் மாடியறைக்கும் நடுவில் இருக்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கமான அமைப்பை வைத்தே இதை எழுதியிருக்கிறேன்: செங்கல் சுவர், கம்பி கட்டிய கான்கிரீட் தளம், கீழே ஹால், மேலே இரண்டு அறை, இரண்டு மேசைக் கணினி, மூன்று லேப்டாப், ஒரு பிரின்டர், நாலைந்து ஃபோன். கையில் 2,500 முதல் 6,000 ரூபாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் போதும். ஃபைபர் வந்து முடியும் பெட்டியை நிறுவனத்தார் ஓஎன்டி என்பார்கள். வீட்டில் எல்லோரும் மோடம் என்றே சொல்வதால் இங்கும் மோடம்தான்.

1. கனெக்‌ஷன் எடுக்கும்போதே கேட்க வேண்டியவை

ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், ஓடிபி வரும் ஃபோன் எண் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். ஆதாரில் இந்த வீட்டு முகவரி இல்லையென்றால் வாடகை ஒப்பந்தமோ, வீட்டு உரிமையாளர் பெயரிலுள்ள கரண்ட் பில்லோ கேட்பார்கள். வாடகை வீடானால் சுவரில் துளை போட உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆள் வந்து ஏணி போட்ட பிறகு தகராறு வந்தால் வேலை ஒரு வாரம் தள்ளிப்போகும்.

விளம்பரத்தில் போடும் விலையில் பெரும்பாலும் வரி சேர்ந்திருக்காது. ஜிஎஸ்டி 18 சதவீதம். 499 என்பது கட்டும்போது 588.82 ஆகும், 799 என்பது 942.82 ஆகும். ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாகக் கட்டினால் நிறுவும் கட்டணம் இல்லை என்பார்கள். ஆசை காட்டும் பேச்சுதான், ஆனால் முதல் மாதம் மாதக் கட்டணமாகவே கட்டுங்கள். உங்கள் தெருவில் மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை வேகம் நிற்கிறதா என்று பார்த்த பிறகு வருடத்துக்குக் கட்டலாம்.

இந்த ஐந்து கேள்விக்கும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பதில் வாங்குங்கள்:

- மோடத்துக்கு முன்பணம் எவ்வளவு? திருப்பித் தருவார்களா? ரசீது உண்டா?
- வைஃபை ஓடும் அலைவரிசை இரண்டு, 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ். மோடம் 5 ஜிகாஹெர்ட்ஸ் தருமா, 2.4 மட்டும்தானா? (2.4 மட்டும் என்றால் வேறு மாடல் கேளுங்கள். சில இடங்களில் கொஞ்சம் கூடுதல் பணத்துக்கு மாற்றித் தருவார்கள்.)
- மாத அளவு எத்தனை ஜிபி, அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும்?
- கம்பத்துப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு எத்தனை மீட்டர் ஒயர் இலவசம்?
- உள்நுழையும் பெயரும் கடவுச்சொல்லும் தருவீர்களா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பல நிறுவனங்களில் மோடம் ஒரு பயனர் பெயர், கடவுச்சொல் போட்டுத்தான் நெட்டுக்குள் போகும். அந்த விவரம் உங்களிடம் இல்லாதவரை, சின்னக் கோளாறுக்கும் அவர்கள் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

2. ஆள் வருவதற்கு முன் மோடத்தின் இடத்தை முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒயர் இழுக்க வருபவர் வாசல் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, கண்ணில் படும் முதல் பிளக் அருகே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போவார். அது வீட்டின் ஒரு மூலை. பாதி அலை தெருவுக்குப் போகும்.

மோடம் இருக்க வேண்டிய இடம் வீட்டின் நடுப்பகுதி. மாடிப்படி இருக்கும் இடம் இன்னும் நல்லது. படிக்கட்டு ஏறும் வெளியில் தளம் இல்லை, கம்பி இல்லை. அலை மேலே போக அது ஒரு ஜன்னல் மாதிரி. தரையிலிருந்து ஐந்து, ஆறு அடி உயரம், சுற்றிலும் திறந்த இடம்.

வைக்கக் கூடாத இடங்கள்: இரும்பு பீரோவின் மேல், டிவிக்குப் பின்னால், கதவு மூடிய மர அலமாரிக்குள், ஃபிரிட்ஜ் பக்கத்தில், நிலைக்கண்ணாடிக்குப் பின்புறச் சுவரில், பரண்மேல் எவர்சில்வர் பாத்திரங்களுக்கு நடுவில். இரும்பு அலையைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் அலையைக் குடித்துவிடும். மோடம் அசிங்கமாகத் தெரிகிறது என்று ஷோகேஸ் உள்ளே வைத்து மூடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வெப்பமும் சேர்ந்து சித்திரை, வைகாசியில் அது தானாக அணைந்து எழும்.

ஆன்டெனா பற்றி ஒரு வார்த்தை. குச்சியின் நுனியிலிருந்து அலை கிளம்புவதில்லை, குச்சியின் பக்கவாட்டில்தான் பரவுகிறது. எல்லாக் குச்சியையும் நேராக நிறுத்தினால் அதே தளத்துக்குத்தான் நன்றாகக் கிடைக்கும். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்கவையுங்கள்.

ஃபைபரைக் கூர்மையாக மடிக்கக் கூடாது. ஜன்னல் சட்டத்தில் நசுங்கினாலும், கதவிடுக்கில் மாட்டினாலும் உள்ளிருக்கும் கண்ணாடி இழை விரிசல் விடும். மீதி ஒயரைச் சுருட்டும்போது ஒரு டீ சாசரைவிடச் சின்ன வட்டமாகச் சுருட்டாதீர்கள். இணைக்காமல் தொங்கும் ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவே கூடாது, குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

3. எந்த முறை உங்கள் வீட்டுக்கு?

மோடத்தை நடுவில் வைத்தபின் ஒரு லேப்டாப்பையோ ஃபோனையோ தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து வேகம் பாருங்கள். நின்றுகொண்டு பார்க்காதீர்கள். மேசையும் கட்டிலும் இருக்கும் மூலைதான் கணக்கு.

எல்லா இடத்திலும் 30 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கிடைத்தால் பணம் செலவழிக்க வேண்டாம், நேராக 6ஆம் படிக்குப் போங்கள்.

மாடியில் இல்லை என்றால் மூன்று வழி உண்டு. முதல் வழி, மோடத்திலிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே இரண்டாவது ரௌட்டரை வைப்பது. கேபிளோடு சேர்த்து 2,500 முதல் 4,000 ரூபாய். இரண்டாவது, மெஷ் எனப்படும் இரட்டைப் பெட்டி, 5,000க்கு மேல். ஒயர் இழுக்க வழியே இல்லாத வாடகை வீட்டுக்கு இது சரி. ஆனால் இரண்டாவது மெஷ் பெட்டியை நெட் வராத அறையில் வைத்தால் அதற்கும் வராது. நெட் நன்றாக வரும் இடத்துக்கும் வராத இடத்துக்கும் பாதி வழியில், பெரும்பாலும் படிக்கட்டுத் திருப்பத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி, பிளக்கில் செருகும் 1,000 ரூபாய் ரிப்பீட்டர். இதை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். ஒரே ரேடியோவில் கேட்டு, அதையே திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகும். சிக்னல் கோடு முழுதாகத் தெரியும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான் சொல்வது முதல் வழி. வைஃபை கடைசி இருபது அடிக்கு மட்டும் போதும், தளம் தாண்டுவதைக் கேபிள் செய்யட்டும். 4, 5ஆம் படிகள் அதற்குத்தான்.

4. கேபிள் வாங்குவது, இழுப்பது, ஜாக் போடுவது

கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள். 100 மீட்டர் வரை 1,000 எம்பிபிஎஸ் தாங்கும், வீட்டுக்குத் தாராளம். மீட்டர் 15 முதல் 30 ரூபாய். கீழ் ஹாலிலிருந்து மாடியறைக்கு 15, 20 மீட்டர் போதும். அளந்ததற்கு மேல் மூன்று மீட்டர் கூட வாங்குங்கள்.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். உள்ளிருக்கும் ஒரு கம்பியை பிளேடால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் அசல் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு முலாம். முலாம் கேபிள் மலிவு, ஜாக் போடும் இடத்தில் ஒடியும், ஒரு வருடத்தில் தகராறு செய்யும்.

சுவருக்குள் பழைய கேபிள் டிவி குழாயோ டெலிபோன் குழாயோ இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் ஸ்பிரிங் விட்டு இழுக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட் ஒயர் போகும் குழாயில் சேர்த்து இழுக்க வேண்டாம். முதல் காரணம் பாதுகாப்பு, அடுத்தது இரைச்சல். வெளிச்சுவர் வழியாகப் போனால் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிள் வாங்கி, பிவிசி குழாய்க்குள் விடுங்கள். வெள்ளைக் கேபிள் வெயிலில் ஓரிரு வருடத்தில் பொடிந்துபோகும், அணிலும் கடிக்கும். சுவரில் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு முழம் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்து உள்ளே கொண்டுவாருங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது.

ஜாக் போடுவதைக் கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டும். ஜாக் ஒன்று 5 முதல் 15 ரூபாய், கிரிம்பிங் கருவி 300 முதல் 500. கருவி வாங்க வேண்டாம் என்றால் கணினிக் கடையிலோ சிசிடிவி பொருத்துபவரிடமோ கொடுத்தால் போட்டுத் தருவார்கள். நீங்களே போடுவதானால்:

மேலுறையை ஒரு அங்குலம் உரியுங்கள். நான்கு ஜோடி முறுக்கு இருக்கும். பிரித்து, நீவி, இந்த வரிசையில் வையுங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். நடுவில் நீலம், அதன் இரு பக்கமும் பச்சை ஜோடி பிரிந்து நிற்கும். பலர் தவறுவது இங்கேதான். பச்சையையும் நீலத்தையும் ஜோடி ஜோடியாகவே அடுக்கிவிடுவார்கள். எட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, அரை அங்குலம் விட்டு ஒரே வெட்டாக வெட்டுங்கள். ஜாக்கின் கிளிப் கீழே, பொன்னிறத் தகடு மேலே, துளை உங்களைப் பார்க்க இருந்தால் வெள்ளை ஆரஞ்சு இடக்கை ஓரத்தில் வரும். கடைசிவரை தள்ளுங்கள். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் எட்டுச் செம்பு முனையும் எட்டுப் புள்ளியாக மின்ன வேண்டும். ஒன்று உள்ளே தங்கியிருந்தாலும் வெளியே எடுத்து மறுபடி வெட்டுங்கள். மேலுறையும் ஜாக்குக்குள் நுழைந்து அந்த பிளாஸ்டிக் ஆப்பின் கீழ் மாட்டிய பிறகே அழுத்துங்கள். உறை வெளியே நின்றால் நாலு தடவை கழற்றி மாட்டியதும் கம்பி உருவிக்கொண்டு வந்துவிடும். இரண்டு முனைக்கும் அதே வரிசை.

சரிபார்க்க: லேப்டாப்பை இந்தக் கேபிளில் மாட்டி, விண்டோஸ் நெட்வொர்க் அமைப்பில் ஈதர்நெட் இணைப்பு வேகம் பாருங்கள். 1000 என்று காட்டினால் எட்டுக் கம்பியும் சரி. 100 என்றால் ஒரு கம்பி தொடவில்லை, அல்லது பெட்டியின் போர்ட்டே 100தான். 100 எம்பிபிஎஸ் ஓடுவதற்கு நான்கு கம்பி போதும் என்பதால் குறை வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும்.

5. இரண்டாவது ரௌட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றுவது

வாங்கும்போது ஒரு கண்ணி உண்டு. ஏசி1200 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பின்னால் இருக்கும் போர்ட் வெறும் 100 எம்பிபிஎஸ்ஸாக இருக்கலாம். 100 திட்டத்துக்கு அது போதும். 200, 300 எம்பிபிஎஸ் திட்டமானால் 'கிகாபிட் போர்ட்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரட்டை அலைவரிசை ஏசி1200 ரௌட்டர் 1,500 முதல் 2,500 ரூபாய், வைஃபை 6 என்றால் 3,000க்கு மேல். பழைய மோடமோ ரௌட்டரோ வீட்டில் சும்மா கிடந்தால் முதலில் அதை வைத்து முயலுங்கள்.

புது ரௌட்டரை அப்படியே மாட்டினால் அதுவும் ஒரு தனி வீடு மாதிரி நடந்துகொள்ளும். மாடிக் கணினிகளுக்குத் தன் கையால் வேறு முகவரி கொடுக்கும். நெட் வரும், ஆனால் மாடி லேப்டாப்புக்குக் கீழே உள்ள பிரின்டர் தெரியாது. மோடமும் ரௌட்டரும் இரண்டுமே 192.168.1.1 என்று இருந்துவிட்டால் நெட்டே வராமல் போகலாம். ஆகவே முகவரி கொடுக்கும் வேலையை மோடம் ஒன்றே செய்யட்டும். ரௌட்டர் வைஃபை மட்டும் தரட்டும். ஆக்சஸ் பாயின்ட் என்பது இதுதான்.

வரிசை முக்கியம். ரௌட்டரை மோடத்தில் மாட்டாமல், லேப்டாப்பை அதன் லேன் போர்ட்டில் மாட்டி, லேப்டாப் வைஃபையை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அ. ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (192.168.0.1 அல்லது 192.168.1.1) பிரவுசரில் தட்டி உள்ளே போங்கள்.

ஆ. 'ஆபரேஷன் மோட்' என்று ஒரு பகுதி இருந்து, அதில் 'ஆக்சஸ் பாயின்ட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அது தானே மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இ, ஈ, உ மூன்றையும் விட்டுவிட்டு, மோடத்திலிருந்து வரும் கேபிளை ரௌட்டரின் கையேடு சொல்லும் போர்ட்டில் மாட்டினால் போதும்.

இ. அந்த வசதி இல்லையென்றால், முதலில் மோடத்தின் வைஃபையில் இருக்கும் ஃபோனிலிருந்து மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, டிஎச்சிபி (முகவரி கொடுக்கும் வேலையின் பெயர்) கொடுக்கும் முகவரிகளை 192.168.1.50 முதல் 192.168.1.200 வரை என்று சுருக்குங்கள். பிறகு ரௌட்டரின் லேன் முகவரியை 192.168.1.2 ஆக மாற்றிச் சேமியுங்கள். ரௌட்டர் எழுந்ததும் புது முகவரியில் மறுபடி நுழையுங்கள்.

ஈ. இப்போது ரௌட்டரின் டிஎச்சிபியை அணையுங்கள். இதை முன்னால் செய்துவிட்டு முகவரியைப் பின்னால் மாற்றப் போனால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் போய், உள்ளே நுழைய முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். மாட்டிக்கொண்டால் ரௌட்டரின் ரீசெட் துளையைப் பத்து விநாடி அழுத்தி 'அ'விலிருந்து தொடங்குங்கள்.

உ. மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை ரௌட்டரின் லேன் போர்ட்டில் செருகுங்கள். வெளியிலிருந்து நெட் நுழைவதற்கான வேன் (WAN) போர்ட், பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பது, காலியாகவே இருக்கட்டும்.

ரௌட்டரின் ரீசெட் துளையைத்தான் சொன்னேன். நிறுவனம் கொடுத்த மோடத்தின் ரீசெட் துளையைத் தொடாதீர்கள். உள்ளே அவர்கள் போட்டிருக்கும் உள்நுழைவு விவரமும் விலேன் (VLAN) எனும் இணைப்பு எண்ணும் அழிந்துபோனால் ஆள் வந்துதான் உயிர் கொடுக்க வேண்டும்.

மாடியில் லேப்டாப்பை இணைத்து அதற்கு வந்திருக்கும் முகவரியைப் பாருங்கள். கீழே மோடத்தோடு இணைந்த கருவிகளுக்கு வருவது போன்ற முகவரி ('இ' வழியில் போனவர்களுக்கு 192.168.1.50 முதல்) என்றால் வேலை முடிந்தது. 169.254 என்று தொடங்கினால் முகவரி கொடுக்க யாருமில்லை என்று பொருள்: கேபிள் சரியாக மாட்டவில்லை, அல்லது மோடத்தின் டிஎச்சிபியைத் தவறுதலாக அணைத்துவிட்டீர்கள்.

6. வைஃபை பெயர், கடவுச்சொல், சேனல்

மேலேயும் கீழேயும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு வகை. அப்போதுதான் படியேறும்போது ஃபோன் தானாக மாறும். சேனல், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் தடம், மட்டும் வேறு வேறு. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். கீழே 1, மேலே 6 அல்லது 11 போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் 1இல் இருக்கிறார் என்று நீங்கள் 3க்கு நகர்ந்தால் இரண்டு பேருக்கும் கெடும். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

5 ஜிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149 என்று வைத்து, அகலம் 80 விடுங்கள். 52 முதல் 144 வரை உள்ள சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று ரௌட்டர் கேட்டுக் காத்திருக்க வேண்டும், திடீரென்று சேனல் மாறவும் செய்யும். விமான நிலையம் பக்கத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். டபிள்யூபிஏ3 கலப்பு முறை இருந்தால் அதையும் போடலாம், ஆனால் பழைய பிரின்டர் சேராவிட்டால் டபிள்யூபிஏ2க்கே திரும்புங்கள். டபிள்யூபிஎஸ் பொத்தான் வசதியை அணைத்துவிடுங்கள். கடவுச்சொல் ஃபோன் எண்ணாகவோ வீட்டுப் பிள்ளையின் பெயராகவோ வேண்டாம். தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், யாரும் ஊகிக்கவும் முடியாது.

வைஃபை கடவுச்சொல் வேறு, மோடத்தின் உள்ளே நுழையும் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை 'அட்மின்' என்றே விட்டுவைப்பவர்கள் மிக அதிகம். இரண்டையும் மாற்றி, ஒரு தாளில் எழுதி, மோடம் பெட்டியின் ரசீதோடு வையுங்கள்.

பூட்டாத வைஃபை எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 2008 அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. போலீஸ் முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில். கனெக்‌ஷன் யார் பெயரிலோ, முதல் கேள்வி அவருக்குத்தான்.

டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் மோடத்தில் 'கெஸ்ட்' நெட்வொர்க் இருந்தால் அதைக் கொடுங்கள். அதிலிருந்து உங்கள் கணினியும் பிரின்டரும் தெரியாது.

7. கணினிகளையும் பிரின்டரையும் சேர்ப்பது

மேசைக் கணினி மோடம் அல்லது ரௌட்டர் பக்கத்திலேயே இருந்தால் இரண்டு மீட்டர் கேபிளால் மாட்டுங்கள், வைஃபையே வேண்டாம். தூரத்தில் இருந்தால் யுஎஸ்பி வைஃபை அடாப்டர். 400 ரூபாய்க்குக் கிடைப்பது 2.4 மட்டும் பிடிக்கும், 800 முதல் 1,200 கொடுத்தால் 5ம் பிடிக்கும். கணினியின் பின்பக்கப் போர்ட்டில் மாட்டினால் இரும்புக் கூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் போட்டு மேசை மேல் வையுங்கள். இந்த ஒயரால் மட்டுமே வேகம் இரட்டிப்பாவதைப் பார்க்கலாம்.

விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் பொது, தனிப்பட்டது என்று இரண்டில் ஒன்றாக வைத்துக்கொள்ளும், நெட்வொர்க் அமைப்பில் பாருங்கள். வீட்டில் 'பிரைவேட்'. 'பப்ளிக்' என்று விட்டால் நெட் வரும், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றின் கோப்புறை தெரியாது.

வீட்டுப் பிரின்டர் பலவும் 2.4 மட்டுமே பிடிக்கும். அமைக்கும் நேரத்தில் ஃபோன் 5இல் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று காணாமல் தேடும். பத்து நிமிடம் மோடத்தின் 5 ஜிகாஹெர்ட்ஸை அணைத்துவிட்டுப் பிரின்டரைச் சேர்த்து, பிறகு போடுங்கள். சேர்ந்ததும் மோடத்தின் டிஎச்சிபி பகுதியில் பிரின்டருக்கு ஒரு நிரந்தர முகவரி ஒதுக்குங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்த ஒரு நாளில் அதன் முகவரி மாறி, எல்லாக் கணினியும் 'ஆஃப்லைன்' என்று சொல்லும்.

8. ரௌட்டர் வரும்வரை: ஒரு கணினியையே வைஃபை ஆக்குவது

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'மொபைல் ஹாட்ஸ்பாட்' உண்டு. ஒரு கணினியில் கேபிள் வழியாக நெட் வந்தால் அதை வைஃபையில் எட்டுக் கருவி வரை பகிரலாம். சேர்பவர்களுக்கு 192.168.137 என்று தொடங்கும் முகவரி வரும். அதே பகுதியில் மின்சேமிப்பு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அணைக்காவிட்டால் யாரும் சேராத சில நிமிடங்களில் ஹாட்ஸ்பாட் தானே நின்றுவிடும். பகிரும் கணினி தூங்கினாலும் எல்லோருக்கும் நெட் போகும். இரண்டு, மூன்று நாள் சமாளிக்க இது போதும், நிரந்தர ஏற்பாடாக வைக்க வேண்டாம்.

9. வேகம் குறைந்தால் குறை எங்கே என்று கண்டுபிடிப்பது

நிறுவனத்துக்கு ஃபோன் போடும் முன் மூன்று அளவு எடுங்கள். லேப்டாப்பை மோடத்தில் கேபிளால் மாட்டி ஒன்று, மோடத்துக்கு ஆறடி தூரத்தில் 5 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்று, குறை சொல்லும் அறையில் ஒன்று. முதல் அளவே குறைவு என்றால் மட்டும்தான் அவர்கள் பொறுப்பு. முதலாவது சரி, மூன்றாவது மோசம் என்றால் அது 2, 3ஆம் படிகளின் பாடு.

அளவுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது கணினி பைட்டில் காட்டும், எட்டால் வகுத்தால் 12.5 எம்பி. 11, 12 என்று காட்டினால் முழு வேகம் வருகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் பெரும்பாலான லேப்டாப் 144 என்று இணைப்பு வேகம் காட்டும், கையில் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. பக்கத்து வீட்டு வைஃபைகள் நிறைந்த அடுக்குமாடியில் 20, 30தான் வரும். அங்கே 5க்கு மாறுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தாண்டினால் அந்த எண்ணைப் படம் எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள். 'நெட் ஸ்லோ' என்று சொன்னால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். 'ஒளி மைனஸ் 28 காட்டுகிறது' என்றால் ஆள் அனுப்புவார்கள். 'லாஸ்' விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை, எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. மோடத்தை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை.

சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க மோடத்தின் அமைப்பில் போர்ட் திறந்தும் (போர்ட் ஃபார்வர்டிங்) வேலை செய்யவில்லையா? மோடத்தின் வேன் முகவரி 100.64க்கும் 100.127க்கும் நடுவிலோ, 10 என்றோ தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஒரே பொது முகவரியைப் பலர் பங்கிடுகிறீர்கள், போர்ட் திறப்பது எடுபடாது. கேமராவின் கிளவுட் வசதி, இல்லையென்றால் மாதக் கட்டணத்தில் நிலையான ஐபி.

10. கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட் மதியத்துக்கு மேல்தான் வரும். ஃபைபர் கம்பிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டாம், மோடத்துக்கு மட்டும்தான் வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 1,000 முதல் 1,800 ரூபாயில் ரௌட்டருக்கான சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்குமுன் மோடத்தின் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 0.5 முதல் 1.5 ஆம்பியர். சில ரௌட்டர்கள் 9 வோல்ட். முள் பொருந்துகிறது என்பதற்காக 9 வோல்ட் ரௌட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் கருகிப்போகும்.

நான்கு மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். உள்ளே 3.7 வோல்ட், 2,000 எம்ஏஎச் செல் மூன்று இருந்தால் மொத்தம் சுமார் 22 வாட் மணி. 7 வாட் இழுக்கும் மோடத்துக்கு, இழப்பு போக இரண்டரை மணி நேரம். மாடி ரௌட்டருக்கும் தனியாக ஒன்று வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். இடி மின்னல் நேரத்தில், வெளிச்சுவர் வழியாக வரும் லேன் கேபிளை இரு முனையிலும் கழற்றி வையுங்கள். அது செம்பு, மின்னலின் வீச்சைப் பெட்டிவரை கொண்டுவந்துவிடும்.

11. பக்கத்து வீட்டோடு பங்கு போடுவது, வீடு மாறுவது

பாதிப் பணம் பகிர்ந்துகொண்டு பக்கத்து வீட்டுக்கும் நெட் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டு உபயோகத் திட்டங்களை வெளியாருக்கு விற்கவோ பகிரவோ கூடாது என்று விண்ணப்பத்தின் நிபந்தனைகளில் பொதுவாக இருக்கும். கண்டுபிடித்தால் கனெக்‌ஷன் போகும். அவர்கள் வீட்டிலிருந்து என்ன நடந்தாலும் உங்கள் பெயரில்தான் பதிவாகும். ஒரே வீட்டின் மேல் போர்ஷன், கீழ் போர்ஷன் என்றாலும், குடியிருப்பவர் வேறு குடும்பம் என்றால் தனிக் கனெக்‌ஷன்தான் நல்லது.

வீடு மாறும்போது மோடமும் அதன் அடாப்டரும் நிறுவனத்துடையது, நீங்கள் வாங்கிய ரௌட்டர் உங்களுடையது. புது இடத்துக்கு மாற்றித்தர ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுங்கள். அங்கே அவர்கள் கம்பி இல்லையென்றால் மோடத்தைத் திருப்பிக் கொடுத்து, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்காமல் ஆளை அனுப்பாதீர்கள். முன்பணம் கேட்கும் நாளில் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.